மாமா வீட்டுக் குளத்தில் சுடுதண்ணீர்

போன பள்ளி விடுமுறைக்கு சுங்கைப்பட்டாணியில் மாமா வீட்டில் எல்லோரும் கூடினோம். வேலை ஓய்வுக்குப் பிறகு வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, பின்னால் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார். பீடோங் பக்கத் தோட்டத்து லயத்தில், விடியற்காலையில் பைப்படியில் பல் கிட்டக் குளித்து வளர்ந்த மனிதர் அவர். இப்போது வருகிறவர்கள் காலையில் காலை நனைத்துவிட்டு "தண்ணி சில்லுனு இருக்கு அங்கிள்" என்கிறார்களாம். "நாம குளிக்காத பச்சைத்தண்ணியா?" என்று முனகிக்கொண்டே ஒரு ஹீட் பம்ப் வாங்கி வைத்துவிட்டார்.

கெடா வெயிலுக்குக் குளத்தைச் சூடாக்குவதா என்று எனக்குச் சிரிப்பு. பாலிங் போனால் உலு லெகோங்கில் பூமியே சுடவைத்துத் தருகிறதே! ஆனால் குளத்தருகே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சமையலறை ஜன்னல் வழியாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் வெளியே வந்து, ஈரத் தரையில் கிடந்தது. அதை ஈரக்காலோடு தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான் அக்காவின் 4 வயது மகன். நான் உள்ளே ஓடி சுவிட்சை அடைத்தேன்.

"ரெண்டு மாசமா ஓடுதும்மா, ஒண்ணும் ஆகலையே. சனிக்கிழமை ஆளுங்க வர்றாங்க" என்றார் மாமா.

"திங்கட்கிழமை வரைக்கும் பச்சைத்தண்ணிதான் மாமா" என்றேன். ரேடியோவில் காலையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற பிள்ளை இப்படிப் பேசும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 100 மில்லி ஆம்பியர். ஈரமான உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், அந்த அளவை எட்டும் முன்பே உயிர் போய்விடலாம். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்கின்றன. குளத்து மெஷினுக்குத் தனி வயர், தனி பிரேக்கர், தனி ஆர்சிசிபி, சரியான எர்த் வேண்டும். அதைச் சுருஹான்ஜாயா தெனாகாவின் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும், தெரிந்த பையன் அல்ல.

மாமாவின் இன்னொரு கவலை பில். மெஷினைக் குறை சொல்ல முடியாது. ஹீட் பம்ப் என்பது ஏர்கோனைத் திருப்பிப் போட்டது போலத்தான். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. நம் ஊர்க் காற்றில் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 5 யூனிட் சூடு கிடைக்கும். சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் மாமாவின் குளத்தில் சுமார் 21,600 லிட்டர். அதை 1 டிகிரி ஏற்ற 25 யூனிட் சூடு தேவை. கம்பிச் சுருள் ஹீட்டர் என்றால் அந்த 25 யூனிட்டும் மின்சாரமே. ஹீட் பம்புக்கு 5 போதும்.

பிறகு பணம் எங்கே போகிறது? ஆவியாகப் போகிறது. மூடாத குளத்தில் ஓர் இரவில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால், ஒன்றரை டிகிரி சூடு சேர்ந்தே போய்விடும். ஜனவரி, பிப்ரவரி வறட்சிக் காற்றில் கேட்கவே வேண்டாம். மாமாவோ 33 டிகிரி வைத்து, இரவெல்லாம் திறந்துபோட்டிருந்தார். 29 போதும். நண்பகல் சூட்டில் ஓடவிட்டு, மாலையில் ஆட்கள் ஏறியதும் மேலே விரிப்பை மூட வேண்டும். ஆனால் யாராவது குளிக்கும்போது விரிப்பு முழுக்கச் சுருட்டியிருக்க வேண்டும். பாதி மூடிய விரிப்புக்கு அடியில் போன குழந்தை வெளியே தெரியாது. வேலியும் வேண்டும்.

மழைக்குப் பயந்து மெஷினைத் தகரக் கொட்டகைக்குள் அடைத்து வைத்திருந்தார். அது வெளியே தள்ளும் குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு மூச்சுத் திணறியது. குளோரின் வில்லையையும் தண்ணீர் இழுக்கும் கூடையிலேயே போட்டிருந்தார். அப்படிப் போட்டால் குளோரின் செறிந்த தண்ணீர் நேரே மெஷினுக்குள் போய் உள்குழாயை அரிக்கும். குளோரின் மெஷினைத் தாண்டிய பிறகுதான் கலக்க வேண்டும். அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்து ஓட்டை என்று பயந்திருந்தார். சோதனைத் தாளில் குளோரின் காட்டவில்லை. ஏர்கோனில் சொட்டுகிற அதே காற்றின் ஈரம்தான்.

திங்களன்று வயர்மேன் வந்தார். எக்ஸ்டென்ஷன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: எர்த் வயர் மாட்டவே இல்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வார இறுதி வாடகையும் அதற்கு மேலும் வேலைக்குச் செலவானது.

இப்போது மாதம் பிறந்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறார். வீடே இருண்டதும், "கட் ஆயிருச்சும்மா, நல்லா இருக்கு" என்று எனக்கு வாட்ஸ்அப் வரும். அநேகமாக நான் நிகழ்ச்சியில் இருக்கும்போது.