வயது வந்தோர்

ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமியொருத்தி, சமூக அறிவியல் நோட்டைப் பிரித்துப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தவள், ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்ற இடத்தை அடைந்ததும் நாணத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வகுப்பில் அந்தப் பதம் வந்தபோது பையன்கள் சிரித்தார்களாம். ஆசிரியர் மேசையைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாராம். பெண் பூப்படைவதற்கு நம் வீடுகளில் வழங்கும் சொல் இங்கே 18 ஆண்டு நிரம்பிய ஆண், பெண் அனைவரையும் குறிக்கிறது என்றும், 1989-க்கு முன்பு அந்த வயது 21-ஆக இருந்தது என்றும் இரண்டு நிமிஷம் விளக்கியிருந்தால், சிரிப்பு அடங்கியிருக்கும். சொல்லும் மனத்தில் தங்கியிருக்கும்.

ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்க் குடவோலை முறையை நம் பாடநூல்கள் பெருமிதத்தோடு வர்ணிக்கின்றன, வர்ணிக்கட்டும். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஏதுமறியாத ஒரு பாலகனின் கை என்று கேட்கும்போது குழந்தைகளின் முகம் மலர்வதை நாமே கண்டிருக்கிறோம். ஆயினும், 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் சாஸ்திர ஞானமும் வாய்ந்த, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவரின் பெயர்களே அக்குடத்தில் இடம்பெற்றன என்பதையும், அந்த நிலத்தில் நாற்று நட்டவளின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால், ‘அனைவருக்கும் வாக்குரிமை’ என்பதன் கனம் பிள்ளைகளுக்கு எவ்விதம் விளங்கும்?

ஓலையில் ஏறாத பெயர் காகிதத்திலும் எளிதில் ஏறிவிடவில்லை. சென்னை மாகாணச் சட்டசபை 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது உண்மைதான். ஆனால் அதுவும் சொத்துள்ள சிலருக்கே. சுதந்திர பாரதத்தின் முதல் பொதுத்தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, முக்கியமாக வட மாநிலங்களில், தம் பெயரை அந்நியரிடம் சொல்லலாகாது என்ற வழக்கத்தால் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டுமே பதிவு செய்துகொண்ட பெண்கள் பல லட்சம் பேர். சொந்தப் பெயரில்லாத பதிவு செல்லாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பிடிவாதமாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்று பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். அவர் செய்தது சரியே என்பது நம் அபிப்பிராயம். சமூக சீர்திருத்தம் என்ற நெடிய பதத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை நமக்குத் தெரியவில்லை.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வாக்காளர் பட்டியல்’ என்று கரும்பலகையில் எழுதும் நாளன்று, ஒவ்வொரு குழந்தையையும் தன் பாட்டியின் சொந்தப் பெயரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தெரியாத குழந்தை வீட்டில் கேட்டு வந்து மறுநாள் எழுதட்டும்.