பெண்களுக்கு மட்டுமே தெரிந்த எழுத்து!

ஆண்களுக்குத் தெரியாத எழுத்து ஒன்று உலகத்தில் உண்டா? உண்டு. அது சீனாவில் இருந்தது. அதன் பெயர் நூஷூ. "பெண் எழுத்து" என்பது அதன் பொருள்.

சீனாவின் தென் பகுதியில் ஹூனான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் தெற்குக் கோடியில், மலைகளுக்கு நடுவே உள்ள வட்டாரம் ஜியாங்யோங். அங்குள்ள கிராமங்களில்தான் இந்த எழுத்து வளர்ந்தது.

மாடியில் ஒரு பள்ளிக்கூடம்

பழைய சீனாவில் படிப்பு ஆண்களின் சொத்து. அரசாங்க உத்தியோகத்துக்கான தேர்வு 1905-ம் ஆண்டு வரை நடந்தது. அதை ஆண்கள் மட்டுமே எழுதலாம்.

பெரிய குடும்பத்துப் பெண்கள் சிலர் வீட்டிலேயே படித்துக் கவிதை எழுதினார்கள். ஹூ வென்காய் என்ற அறிஞர் 1957-ல் வெளியிட்ட பட்டியலில், 4 ஆயிரத்துக்கும் அதிகமான பெண் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்! ஆனால் கிராமத்துப் பெண் என்ன செய்வாள்?

சிறு வயதிலேயே அவளுடைய கால்களை இறுகக் கட்டி, பாதம் வளராமல் செய்தார்கள். அவள் தோழிகளோடு வீட்டு மாடியில் உட்கார்ந்து நூல் நூற்றாள்; துணி தைத்தாள். வேலைக்கு நடுவே அத்தையிடமும் பாட்டியிடமும் நூஷூவைக் கற்றுக்கொண்டாள்.

சீன எழுத்தைப் படிக்க ஆயிரக்கணக்கான எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டும். நூஷூ அப்படி அல்ல. ஊர்ப் பேச்சில் வரும் ஒலிக்கு ஓர் எழுத்து. சுமார் 400 எழுத்து தெரிந்தால் போதும்.

மூன்றாம் நாள் புத்தகம்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறது. தோழிகளைப் பிரிந்து வேற்றூருக்குப் போகிறாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு சிறு புத்தகம் வரும். துணி அட்டை போட்ட புத்தகம். முதல் சில பக்கங்களில் தோழிகளும் உறவுப் பெண்களும் தங்கள் பிரிவுத் துயரைப் பாட்டாக எழுதியிருப்பார்கள். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவை அவளுக்காக விடப்பட்டவை!

ஆண்களிடமிருந்து மறைக்கவா இந்த எழுத்து? அப்படிச் சொல்ல முடியாது. பெண்கள் இதை வாய்விட்டுப் பாடினார்கள். பாட்டு ஆண்களின் காதிலும் விழுந்தது. எழுத்தைக் கற்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றவில்லை. பெண்கள் எழுதுவதில் என்ன இருக்கப் போகிறது என்ற அலட்சியம்!

சரித்திரம் மாறியது

1982-ல் கொங் ஜெபிங் என்ற ஆராய்ச்சியாளர் இந்த எழுத்தை அறிஞர் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பெய்ஜிங்கில் உள்ள சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ஜாவோ லிமிங், ஏடுகளைத் திரட்டிப் பதிப்பித்தார். தைவானைச் சேர்ந்த லியூ ஃபெய்வென் என்ற பெண்மணி, டாக்டர் பட்டத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார். கிராமத்துக்கே போய், முதிய பெண்களின் பாட்டையும் கதையையும் கேட்டு எழுதினார். அவருடைய நூல் 2015-ல் வெளிவந்தது.

இதனால் என்ன லாபம்? சீனப் பெண் எப்படி வாழ்ந்தாள் என்பதை அதுவரை பெரும்பாலும் ஆண்களே எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் எழுத்தில் பெண் என்றால் பொறுமை, கற்பு, தியாகம். நூஷூ ஏடுகளிலோ அவள் அழுகிறாள்; கோபப்படுகிறாள். விதவையானதை, பிள்ளையைப் பறிகொடுத்ததைத் தானே சொல்கிறாள். "வாய் பேசாதவள்" என்று சரித்திரம் யாரை ஒதுக்கியதோ, அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். கேட்க ஆள் இல்லை!

இனி என்ன?

சிறுமியாக இருந்தபோதே பழைய முறையில் இந்த எழுத்தைக் கற்ற கடைசிப் பெண்மணிகளில் ஒருவர் யாங் ஹுவான்யி. 90 வயதைக் கடந்து வாழ்ந்த அவர், 2004-ல் காலமானார். 2006-ல் சீன அரசாங்கம் நூஷூவை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 2017-ல் அது கம்ப்யூட்டர் எழுத்துகளிலும் சேர்ந்துவிட்டது. ஜியாங்யோங்கில் ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் விசிறியிலும் கைக்குட்டையிலும் அந்த எழுத்து அழகாக மின்னுகிறது.

நூஷூ ஏன் மறைந்தது? பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்ததால்! எல்லோருக்கும் பொதுவான எழுத்து கைக்கு வந்த பிறகு, தனி எழுத்து எதற்கு? ஆகவே எழுத்து வழக்கொழிந்ததற்காக மட்டும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. ஒரு தாயின் அழுகையை விசிறியின் அலங்காரமாக வாங்கிப் போகிறவருக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அதைப் படித்துச் சொல்ல ஊர்ப் பேச்சும் தெரிய வேண்டும். பழைய பாட்டும் தெரிய வேண்டும். அந்தப் பாட்டுகளை அறிந்த பாட்டிமார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டிய நேரம் இதுதான்.