சட்டம் டில்லியில், லத்தி ஆவடியில்!

துப்பாக்கி விஷயத்தில் அதிகாரம் மத்திய சர்க்காருக்கா, மாநில சர்க்காருக்கா என்கின்ற கேள்வி, ஏதோ வக்கீல்மார்களும் மந்திரிமார்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். அது தப்பான அபிப்பிராயமாகும். அக்கேள்விக்குள் பிறவி உயர்வு தாழ்வு ஒளிந்து கொண்டிருப்பதால் அது நமது விஷயமேயாகும்.

பட்டாபிராம்வாசிகளுக்கு ஆயுதம் என்பது புதுமையல்ல. மிலிட்டரி சைடிங் என்று ஒரு ரயில் நிலையமே நமது ஊர்ப் பெயரில் இருக்கின்றது. பக்கத்து ஆவடியில் 1961 முதல் யுத்த டாங்கித் தொழிற்சாலை நடக்கின்றது. அதெல்லாம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஆனால், நமது தெருவில் ஒருவனிடம் லைசென்சில்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறதென்றால், அவனைப் பிடிக்க டில்லியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். 2022 ஜனவரியில் ஏற்பட்ட ஆவடி போலீஸ் கமிஷனரின் கீழுள்ள போலீஸ்காரர்தான் வருவார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது மாநில சர்க்கார். அவர் கையிலிருக்கும் சட்டத்தைச் செய்தது டில்லி.

இது எப்படி ஏற்பட்டதென்றால், அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ஆயுதங்களும் வெடிமருந்தும் மத்தியப் பட்டியலில் 5ஆவது இனமாகவும், பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் 1ஆவது, 2ஆவது இனங்களாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. சாதாரணத் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்கிற வேலையை ஜில்லா கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ செய்கின்றார். ஆனால், யாருக்குச் சட்டத்திலிருந்து விலக்கு என்று சொல்லும் அதிகாரம், 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி மத்திய சர்க்காரிடமே இருக்கின்றது.

துப்பாக்கிக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம் இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கள்ளத் துப்பாக்கி ரயிலேறி வரும்; எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாது. ஆனால் "ஒரே சட்டம்" என்று சொல்லுகின்றவர்கள் அதை ஒரே சட்டமாக வைத்திருக்கின்றார்களா என்பதுதான் நமது கேள்வி.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு விலக்கு இருந்தது; கறுப்பன் லைசென்சு வாங்க வேண்டும். இது மானக்கேடு என்று அன்று தேசபக்தர்கள் கூப்பாடு போட்டார்கள். நியாயந்தான். ஆனால், சுயராஜ்யம் வந்த பிறகு என்ன நடந்தது? கர்நாடகத்துக் குடகு ஜில்லாவில், குடகர் இனத்தில் பிறந்தவர்களும் ஜம்மா நிலம் உடையவர்களும் லைசென்சு இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கின்ற வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை இன்னும் உயிரோடிருக்கின்றது. 2019இல் மத்திய சர்க்கார் அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. இதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 2021இல் கர்நாடக ஹைக்கோர்ட்டு, அவர்கள் போர் வீர சமூகத்தார், வெகுகாலமாக அனுபவித்து வருகின்றார்கள் என்று சொல்லி அச்சலுகை செல்லும் என்றது.

குடகர்மீது நமக்குப் பகை கிடையாது. அவர்கள் யோக்கியமானவர்களாகவே இருக்கட்டும். ஆனால், பிறவியினால் ஒருவன் வீரன் என்பதற்கும், பிறவியினால் ஒருவன் புரோகிதன் என்பதற்கும் என்ன வித்தியாசம்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்து பிறவியிலேயே ஒரு கூட்டத்தைத் திருடர் என்று எழுதிவைத்ததும் இதே புத்திதான். அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் ஒழித்துக் கட்டிற்று. பிறவித் திருடன் பொய்யானால், பிறவி வீரன் மாத்திரம் எப்படி மெய்யாவான்?

இனி, நமது பக்கத்தைப் பாருங்கள். ஆவடியில் நரிக்குறவத் தோழர்கள் குடியிருக்கின்றார்கள். தலைமுறை தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கி கொண்டு வேட்டையாடிப் பிழைத்த கூட்டம். பழக்கந்தான் காரணமென்றால் இவர்களுக்குமல்லவா விலக்கு வேண்டும்? 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டையும் போயிற்று, பாசிமணி விற்கின்றார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கே அவர்கள் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. இவர்களில் ஒருவர் லைசென்சில்லாமல் பாட்டன் துப்பாக்கியை வைத்திருந்து பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம் சிறை. துப்பாக்கி ஒன்றுதான், பழக்கம் ஒன்றுதான். நிலமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு அது பாரம்பரியம், இல்லாதவனுக்கு அது குற்றம்! குண்டு மாத்திரம் ஜாதி பார்த்துப் பாய்வதில்லை.

அமெரிக்காவில் 1993இல், கைத்துப்பாக்கி வாங்குகின்றவனைப் பற்றி ஊர்ப் போலீஸ் அதிகாரி விசாரிக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. மாநிலத்து அதிகாரியை மத்திய சர்க்கார் வேலை வாங்க முடியாதென்று 1997இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு 2021இல் மிசௌரி மாநிலம், மத்தியத் துப்பாக்கிச் சட்டத்துக்கு ஊர்ப் போலீசு துணைபோனால் அபராதம் என்று ஒரு சட்டமே செய்து, 2023இல் கோர்ட்டில் தோற்றது. துப்பாக்கியைப் பெருக்குவதற்கு மாநில உரிமையைக் கேடயமாகப் பிடிக்கின்ற அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம்.

நாம் கேட்பது வேறு. பிறவியைக் காரணம் காட்டும் விலக்கு எவருக்கும் கூடாது. பயிர்க் காவலோ, உயிர்ப் பயமோ, தேவையும் யோக்கியதையும் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாதிரி லைசென்சு கொடுக்கட்டும். பொதுச் சட்டத்தைவிடக் கண்டிப்பாக இருக்க ஒரு மாநிலம் விரும்பினால் அதற்கு இடம் வேண்டும். தளர்த்துவதற்கு இடம் வேண்டாம். விலக்குக் கொடுக்குமுன், அதனால் வரும் வம்பைச் சுமக்கப் போகின்ற மாநிலத்தின் சம்மதத்தை டில்லி கேட்க வேண்டும். மத்தியச் சட்டம் மாநில அதிகாரிகள்மீது வேலையைச் சுமத்தினால் அதற்கான அதிகச் செலவை மத்திய சர்க்கார் கொடுக்க வேண்டுமென்று அரசியல் சட்டம் 258ஆவது விதியே சொல்லுகின்றது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

மாநில உரிமையைப் பற்றி ஆராய 1969இல் ராஜமன்னார் கமிட்டியும், 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் கமிட்டியும் தமிழ்நாட்டில் நியமிக்கப்பட்டன. வரிப்பணத்தைப் பற்றி அங்கே பேசட்டும், வேண்டியதுதான். ஆனால், உரிமை டில்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலேயே தங்கிவிட்டால் நரிக்குறவனுக்கு என்ன லாபம்? அதிகாரம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, அது மனிதனைப் பிறவி பார்த்து நடத்துகிறதா இல்லையா என்பதே முக்கியம். ஆகவே தோழர்களே, 2029இல் அந்தச் சலுகையின் தவணை முடியும்போது நாம் வாய்மூடி இருக்கலாமா என்பதை இப்பொழுதே யோசித்துப் பாருங்கள்.