பயிர் போனதற்கு எழுதினார்கள். மண் போனதற்கு யார் எழுதுவது?

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் அடித்தது. அந்த இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் மூழ்கின. பாத்தி எது, வரப்பு எது, கழுவெளி எது என்று தெரியாமல் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு கழுவெளி ஓரத்தில் ஒரு சம்பா வயலில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்ற விவசாயி கேட்டார்: "பயிரு போனதுக்கு எழுதிக்கிட்டுப் போனாங்க சார். மண்ணு போனதுக்கு யாரு எழுதுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால், அதை எழுத படிவத்தில் இடமே இல்லை.

2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிவாரண விதிமுறை என்ன சொன்னது? 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். இறவைக்குக் கிடைத்தது ஏக்கருக்குச் சுமார் 6,900 ரூபாய். உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த கூலியோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தனியாக இருந்தது. ஆனால், உப்பு படிந்ததற்கு எதுவும் இருக்கவில்லை. மணல் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் கரையோரத்தில் நடப்பது இதுதான். சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதால் நீர் வடிவதில்லை. உவர் கலந்த தண்ணீர் வயல் பக்கம் ஏறி நிற்கிறது. மண்ணின் மின்கடத்துத்திறன் 4 டெசிசைமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். நெல்லின் மகசூல் 3-ஐத் தாண்டும்போதே குறையத் தொடங்கிவிடும். அடுத்த போகத்தில் நாற்று கருகும், நிலக்கடலை முளைப்பு தவறும். அப்போது புயலும் இருக்காது, கணக்கெடுப்பும் இருக்காது.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. ஜிப்சம் களர் நிலத்துக்கு உரிய மருந்து. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி வடிப்பதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும்தான் வழி. ஆனால், வடிப்பதற்கு வடிகால் வேண்டுமே! வயலுக்குள் வாய்க்கால் நீங்கள் எடுக்கலாம். ஊர் வடிகாலை எந்த விவசாயியும் தனியாகத் தூர்வார முடியாது. அது பொதுவேலை. அந்த வேலைக்காகத்தான் பொதுவில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம்.

அவர்கள் என்ன செய்தார்கள்? புயலுக்குப் பிறகு வந்தார்கள், பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மாநில அரசு 2,000 கோடி ரூபாய் இடைக்கால நிதி கேட்டது. மத்திய அரசு பேரிடர் நிவாரண நிதியில் தன் பங்காக 944.80 கோடியை விடுவித்தது. பிறகு யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்ற பேச்சு நீண்டது. உப்பளக் கதை இன்னும் மோசம். அரசமைப்புச் சட்டப்படி உப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவது மாநில அரசு. உடைந்த பாத்தி வரப்புக்கு அந்த நிவாரண விதிமுறையில் இனமே இருக்கவில்லை. உப்பளத்தில் விளைவது பயிர் அல்ல என்பதால், அது யாருடைய சேதமும் அல்ல என்றாகிவிட்டது.

அதிகாரிகளைக் கேள்வி கேட்க உங்களுக்கு மாதம் ஒருமுறை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இருக்கிறது. பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் எழுதித் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் அப்படி உட்காரவைத்துக் கேட்க எந்த நாள் இருக்கிறது? விதியை மாற்றச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்; விதிப்படி நடந்த கிராம நிர்வாக அலுவலரிடம் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே புயலில் இருவேல்பட்டில் அன்றைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. ஆத்திரம் புரிகிறது. ஆனால், சட்டையில் பட்ட சேறு ஒரு நாளில் போய்விடும். எழுத்தில் கேட்ட கேள்வி அப்படிப் போகாது.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். அந்த நிவாரண விதிமுறை 2022-23 முதல் 2025-26 வரைக்கானது. 2026 மார்ச் 31 வரைதான் அதன் காலம். புதிய விதிமுறையில் உவர் பாதிப்பும் உப்பளமும் இடம்பெறாவிட்டால், இன்னும் பல ஆண்டுகள் இதே கதைதான்.

ஆகவே, ஜனவரி 26 கிராம சபையில் மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். ஒன்று: உவர் நீர் புகுந்த நிலத்தைச் சீர்செய்யும் செலவை நிவாரண விதிமுறையில் சேர்க்க எங்கள் உறுப்பினர்கள் அவையில் என்று, என்ன பேசினார்கள்? இரண்டு: சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டு நிதி 3 கோடியிலும், நாடாளுமன்ற உறுப்பினரின் 5 கோடியிலும் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்? மூன்று: உப்பளச் சேதத்துக்கு எந்த அரசு பொறுப்பு? நகலை இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாக்கு கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த நகலை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சேதக் கணக்கெடுப்பில் படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும், மண் மாதிரி எடுத்து, மின்கடத்துத்திறனைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். எழுதப்படாத இழப்பு அரசாங்கத்தின் கணக்கில் இழப்பே அல்ல.

அந்த விவசாயியை மறுபடி பார்க்கும்போது சொல்ல எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. மண் போனதற்கு யாரும் தாமாக எழுத மாட்டார்கள். நாம்தான் எழுதவைக்க வேண்டும்.