பால் நம்முது, பேரு டப்பாவுக்கு

போன பதிவுல குச்சிக்கிழங்கு விலையைப் பத்திப் புலம்பியிருந்தேன். இந்தத் தடவை வயலை விட்டு வீட்டுக்குள்ள வர்றேன். ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம். டிவியிலயும் போன்லயும் குழந்தைங்களுக்குன்னு வர்ற தின்பண்ட விளம்பரம், அதுலயும் பால்ல கலக்கற பொடி விளம்பரம்.

எங்க ஊர்ப் பக்கம் மாடு இல்லாத வீடு குறைவு. ராசிபுரம் நெய்க்குப் பேர் போன ஊருன்னு வெளியூர்க்காரங்களுக்கும் தெரியும். விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பால் பீச்சி, கேனைத் தூக்கிட்டு சொசைட்டிக்குப் போய் ஊத்தறோம். 2023 டிசம்பர்ல ஆவின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 3 ரூபா ஏத்தினாங்க, பசும்பால் 38 ரூபா ஆச்சு. அந்தக் கணக்குப்படி ஒரு பெரிய டம்ளர், அதாவது 200 மில்லி பால், நமக்கு 7 ரூபா 60 காசு. அந்த ஒரு டம்ளர்ல சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. எலும்புக்கு வேணுங்கற சுண்ணாம்புச்சத்து 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. இதெல்லாம் மாடு நம்ம சோளத்தட்டும் கடலைக்கொடியும் தின்னு குடுக்கறது.

இப்ப விளம்பரத்தைப் பாருங்க. அம்மா டம்ளர்ல பாலை ஊத்தறா. மேல ரெண்டு ஸ்பூன் பொடி விழுகுது. பையன் குடிச்சதும் ஓடறான், ஜெயிக்கிறான், உசரமா வளர்றான். எல்லாப் பேரும் பொடிக்குப் போகுது. பால் சும்மா தண்ணி மாதிரி பின்னாடி நிக்குது. டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்துல ஒரு அட்டவணை இருக்கும், கண்ணாடி போட்டுட்டுப் படிச்சுப் பாருங்க. சில டப்பாவுல பொடிக்குத் தனியா ஒரு கணக்கு, பாலோட சேர்த்து ஒரு கணக்குன்னு ரெண்டு போட்டிருப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் யாரோட மாடு குடுத்ததுன்னு யோசிங்க.

2023 ஏப்ரல்ல நடந்தது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். ரேவந்த் ஹிமத்சிங்கான்னு ஒருத்தர், போர்ன்விட்டாவுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு அட்டவணையைக் காட்டி ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டதும் அவர் வீடியோவை எடுத்துட்டார். ஆனா அதுக்குள்ள ஊரே பார்த்துடுச்சு. கம்பெனி தன் பதில்ல, 20 கிராம் பொடிக்கு 7.5 கிராம் சேர்த்த சர்க்கரைன்னு தானே சொல்லுச்சு. அது ஒண்ணரை டீஸ்பூன்தான், சின்ன அளவுதான்னு அவங்க வாதம். சரி, அப்படியே வச்சுக்குவோம். 20க்கு 7.5ன்னா மூணுல ஒரு பங்குக்கு மேல. நூறு கிராம் கடலை வாங்கினா முப்பத்தேழு கிராம் மண்ணு இருந்தா மண்டியில விடுவாங்களா? மண்ணும் சர்க்கரையும் ஒண்ணு இல்லைதான், கோபத்துல சொல்றேன். அப்புறம் தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் கேள்வி கேட்டுச்சு. அந்த வருஷக் கடைசியில கம்பெனி சேர்த்த சர்க்கரையை 14.4 சதவீதம் குறைச்சுது. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன்ல விக்கறவங்க இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஏன்னா 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஹெல்த் டிரிங்க்னு ஒண்ணே கிடையாது. அதே மாசம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் ஹெல்த்துங்கற பேரைக் கழட்டிட்டு வேற பேரு வச்சுக்கிச்சு. சட்டத்துல இல்லாத ஒரு பேரை இத்தனை வருஷம் நம்ம வீட்டு அலமாரியில வச்சிருந்திருக்கோம்.

இதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்திருக்கு. 2008ல, இந்தப் பக்கத்து மக்களுக்காக எடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒண்ணு சேனல் வழியா பிரிட்டன்லயும் ஓடியிருக்கு. குடிச்சா பிள்ளை உசரமாகும், பலமாகும், புத்தி கூர்மையாகும்ங்கற விளம்பரம். அங்க இருக்கற விளம்பர ஆணையம், இதுக்கு ஆதாரம் பத்தாது, இனிமே போடாதேன்னு நிறுத்திடுச்சு. லண்டன் பிள்ளைக்குச் சொல்லக் கூடாத பேச்சை நாமக்கல் பிள்ளைக்கு மட்டும் சொல்லலாமா?

விளம்பரம் எப்படி வேலை செய்யுதுன்னு நான் கவனிச்சதைச் சொல்றேன். பெரிய படிப்பு இல்ல, பத்தாவதுதான். ஆனா சந்தையில முப்பது வருஷம் தரகர்கிட்ட பேசினவன். யார் எப்படி விக்கறாங்கன்னு ஓரளவு புரியும்.

குழந்தைகிட்ட ஒரு பேச்சு, தாய்கிட்ட ஒரு பேச்சு. இதுதான் முதல் தந்திரம். குழந்தைக்குப் பாட்டு, பொம்மை, கிரிக்கெட் வீரர். கபில்தேவ் காலத்துல இருந்து டெண்டுல்கர், தோனி, கோலி வரைக்கும் அவங்க சக்தியோட ரகசியம் பூஸ்ட்டுன்னு சொல்லிட்டே இருக்காங்க. தாய்க்கு வேற பேச்சு. பக்கத்து வீட்டுப் பையன் உசரமா இருக்கான், உன் பையன் ஏன் குட்டை? சாப்பாட்டுல சத்து இருக்கான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா? இப்படி ஒரு பயத்தை மனசுல போட்டுட்டு, அதுக்கு மருந்தையும் அவனே நீட்டறான். எங்க தெருவுல ஒரு மருமகப்புள்ள நூறு நாள் வேலைக்குப் போயி வர்ற கூலியில மொதல்ல வாங்கறது அந்த டப்பாதான். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பங்கூழ் குடிச்சு வளர்ந்தவளுக்கு, நம்ம சாப்பாடு ஏழைங்க சாப்பாடுங்கற கூச்சம் ஏற்கெனவே மனசுல இருக்கு. அந்தக் கூச்சத்தைத்தான் விளம்பரம் காசாக்குது.

ரெண்டாவது, குழந்தையையே சேல்ஸ்மேன் ஆக்கறது. என் மகள் வயித்துப் பேரன் லீவுக்கு வந்தா, "அப்புச்சி, அதுக்குள்ள பொம்மை இருக்கு, அது மட்டும் வாங்கித் தாங்க"ம்பான். கவனிங்க, தின்பண்டம் வேணும்னு கேக்கல, உள்ள இருக்கற பொம்மையைக் கேக்கறான். தின்னது பாதி, கோழிக்குப் போட்டது பாதி. 1999 உலகக்கோப்பை சமயத்துல பிரிட்டானியா பிஸ்கட் உறையைச் சேர்த்தா இங்கிலாந்துக்குப் போகலாம்னு விளம்பரம் வந்துச்சு. எங்க ஊர்ப் பசங்க பஸ் ஸ்டாண்டு குப்பையில கூட உறை பொறுக்கினாங்க. இங்கிலாந்துக்கு ஒருத்தனும் போகல, போற வயசும் இல்ல.

"வாங்கித் தராம இருந்தா ஆச்சு, பெத்தவங்க கையிலதானே இருக்கு"ன்னு சொல்றவங்க உண்டு. நல்லா இருக்கு பேச்சு. ஏழெட்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு, இது நமக்கு விக்கறதுக்காகச் சொல்றாங்கங்கற விவரமே பிடிபடாது. கார்ட்டூனும் விளம்பரமும் அதுக்கு ஒண்ணுதான். ஒரு பக்கம் கோடிக்கணக்குல சம்பளம் வாங்கற மூளைக்காரங்க, இன்னொரு பக்கம் அஞ்சு வயசுப் புள்ள, நடுவுல களை வெட்டிட்டு வந்து களைச்சுப் போன தாய். இது சமமான மல்லுக்கட்டா?

நம்ம நாட்டுலயே ஒரு நல்ல சட்டம் இருக்குங்க. 1992ல வந்து 2003ல இன்னும் இறுக்கின சட்டம். ரெண்டு வயசு வரைக்கும் இருக்கற குழந்தைக்கான பால்பவுடர், குழந்தை உணவு எதுக்கும் விளம்பரமே பண்ணக் கூடாது. டின் மேல குழந்தை படம் கூடப் போடக் கூடாது. தாய்ப்பாலைக் கெடுத்துடுவாங்கன்னுதான் அந்தச் சட்டம். அப்ப ரெண்டாவது பிறந்தநாள் முடிஞ்ச மறுநாள் என்ன ஆகுது? கதவு திறந்துடுது. அத்தனை கம்பெனியும் உள்ள வர்றான். ரெண்டு வயசுக்குப் பொய்யா இருக்கறது மூணு வயசுக்கு எப்படி உண்மையாகும்னு எனக்குப் புரியல.

விதிகள் அதுக்கப்புறமும் வந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. தகுந்த ஆதாரம் இல்லாம, இதைத் தின்னா புத்தி வளரும், பலம் வரும்னு குழந்தைங்க விளம்பரத்துல சொல்லக் கூடாது. சிப்ஸ், கலர் மாதிரி சாமான்களைக் குழந்தைங்க சேனல்ல காட்டக் கூடாது. நல்லதுதான். ஆனா எங்க ஊர்ல குழந்தைங்க எங்க குழந்தைங்க சேனல் பாக்குது? சாயங்காலம் ஆத்தாவோட உக்காந்து சீரியல் பாக்குது, அப்பனோட ஐபிஎல் பாக்குது, மிச்ச நேரம் போன்ல யூடியூப். விளம்பரம் மொத்தமும் அங்கதான் இருக்கு. கனடாவுல கியூபெக் மாகாணத்துல 1980ல இருந்தே 13 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைக் குறிவெச்சு எந்த வியாபார விளம்பரமும் பண்ணக் கூடாது. சிலி நாட்டுல 2016ல, சர்க்கரையும் உப்பும் அதிகமா இருக்கற பாக்கெட்டுல இருந்து கார்ட்டூன் படத்தையும் பொம்மையையும் எடுத்துட்டாங்க. அந்த நாட்டுப் பிள்ளைங்க ஒண்ணும் பட்டினி கிடக்கல.

"நீங்க மட்டும் என்ன, முட்டைக்கு விளம்பரம் பண்ணலையா"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். நம்ம நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்களும் சேர்ந்த முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982ல வந்தது. ஞாயிறானாலும் திங்களானாலும் தினம் முட்டை சாப்பிடுங்கன்னு அவங்க ஹிந்தியில போட்ட விளம்பரம் நாடு முழுக்கப் பிரபலம். அதுவும் விக்கறதுக்கான பாட்டுதான், மறைக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம், முட்டைக்கு உள்ள முட்டைதான் இருக்கு. அதுல பொம்மை வெக்க முடியாது, சர்க்கரை கலக்க முடியாது. சத்துணவுல நம்ம பிள்ளைங்க தட்டுல விழுகறதும் அதே முட்டைதான். அதுக்காக முட்டைக்காரங்க நாளைக்கு "தின்னா ரேங்க் வாங்குவே"ன்னு சொன்னா அதையும் நான் எதிர்ப்பேன்.

இன்னொரு விதியையும் சொல்லிடறேன், நம்ம கைக்கு எட்டற விதி. 2020ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்டது. பள்ளிக்கூடத்துலயும், கேட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ளயும், கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான சாமானை விக்கவும் கூடாது, விளம்பரமும் கூடாது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பொட்டிக்கடை இருக்கு. நடந்து பார்த்தேன், கேட்டுல இருந்து 22 எட்டு. முன்னாடி சரம் சரமாத் தொங்கற அஞ்சு ரூபா பாக்கெட் எல்லாம் சரியா ஆறு வயசுப் பிள்ளை கண்ணு மட்டத்துல இருக்கு. கடலை மிட்டாய் டப்பா பின்னாடி, இருட்டுல.

அந்தக் கடையை நடத்தற அம்மா புருஷன் இல்லாதவங்க, அந்தச் சரம்தான் அவங்களுக்குச் சோறு. அதனால போலீஸ்காரன் மாதிரி போய்ச் சட்டம் பேச எனக்கு மனசு வரல. கம்பெனிக்காரன் ஸ்டாண்டு ஓசியில குடுக்கறான், போர்டு ஓசியில எழுதித் தர்றான், அவங்க மாட்டிக்கறாங்க. நாம என்ன குடுத்தோம்? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல இதை எடுக்கலாம்னு நாலு பேர் பேசி வச்சிருக்கோம். மகளிர் குழுவுல கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் பிடிக்கறாங்க. அதை விலை படியற மாதிரி, வித்ததுக்கு மட்டும் காசு குடுத்தாப் போதும்னு அந்தம்மாவுக்குக் குடுக்கறது. ஸ்டாண்டு ஒண்ணு நாங்களே அடிச்சுத் தர்றோம். முன்வரிசை நமக்கு, சரம் பின்னாடி போகட்டும். கேட்டதுக்கு, "வித்தா எனக்கென்னங்க, மாட்டிக்கறேன்"ன்னாங்க. கடலைக்காய் எங்க காட்டுதுதான், மொதல் மூட்டை நான் தர்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க ஊர்ல கேட்டுக்கும் கடைக்கும் எத்தனை எட்டுன்னு அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.