பொத்தானை அழுத்தினால் போதுமா?

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த எல்லையை ஒட்டிய கொல்லயிலில் குடியிருந்து, களியக்காவிளைக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மகளின் கல்விக்கடனுக்காக அக்ஷயா மையத்தில் கணக்கு அறிக்கையைத் தரவிறக்குகிறார். கோப்பு வருகிறது, திறக்க மறுக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் அன்றே என்றால், அவர் யாரிடம் முறையிடுவார்?

இணையதளங்களைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகளுள் புகழ்பெற்றது செலினியம். 2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியது. மனிதரைப் போலவே அது படிவத்தை நிரப்பும், பொத்தானை அழுத்தும். ஆயினும், கோப்பு எவ்வளவு இறங்கியது என்பதை அதனால் அறிய இயலாது. தரவிறக்கத்தைச் சோதிக்க அது உகந்த வழியன்று என்று அதன் ஆவணங்களே கூறுகின்றன. எனவே, பொத்தான் அழுத்தப்பட்டதோடு 'தேர்ச்சி' என்று குறித்துவிடும் சோதனை, அஞ்சல் பெட்டியில் இட்டதையே கடிதம் சேர்ந்ததாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

பிழை நேரும் இடங்கள் பல. கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். அளவு சுழியமாக இருக்கலாம். உள்நுழைவு காலாவதியானதால், பிடிஎஃப் என்ற பெயரில் உள்நுழைவுப் பக்கமே சேமிக்கப்பட்டிருக்கலாம். இவற்றுள் எதையும் பொத்தான் சொல்லாது.

வழி உண்டு. கருவியைக் கொண்டு தரவிறக்க இணைப்பையும் உள்நுழைவுக்கான குக்கியையும் பெற்று, கோப்பைத் தனி நிரலால் நேரடியாக வரவழைக்கலாம். பின்னர் அதன் வகையையும் அளவையும் பார்த்து, கோப்பைத் திறந்து, இறுதி இருப்பு கணக்கோடு பொருந்துகிறதா, தமிழ், மலையாள எழுத்துகள் சிதையாமல் உள்ளனவா என ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளர் பயன்படுத்துவது உலாவியையே என்பதால், கைப்பேசியிலும் கணினியிலும் சில சோதனைகளை முழுமையாக நடத்துவதும் தேவை.

இதற்குக் கூடுதல் நேரமும் செலவும் ஆகும் என்பர். உண்மையே. ஆனால் அந்தச் செலவை வங்கி ஏற்காவிட்டால், ஒரு நாள் கூலியை இழந்து எல்லை கடந்து கிளைக்கு வரும் வாடிக்கையாளரே அதை ஏற்கிறார். பாஸ்புக்கை அச்சிட்டுத் தரும் ஊழியர் எழுத்துகள் தெளிவாக விழுந்தனவா என்று பார்த்தே கையில் கொடுப்பார். இணையதளமும் அந்தப் பொறுப்பை ஏற்பதே முறை. அதுவரை, வாடிக்கையாளர்கள் மையத்தை விட்டு எழுமுன் கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் இருப்பைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.