கமிஷன் கொடுப்பவரிடமும் கேளுங்கள்

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரில் இயங்கிய போலி இணையதளம் ஒன்றின் மீது 2023 ஏப்ரலில் திருமலை போலீசார் வழக்குப் பதிந்தனர். அசல் முகவரியில் புள்ளி இருந்த இடங்களில் போலியில் சிறு கோடு; கடைசியில் அரசு முகவரிக்கு உரிய எழுத்துகள் இல்லை. மற்றபடி அச்சு அசல். ஏற்கெனவே 40 போலித் தளங்கள் சிக்கியிருந்தன, இது 41-வது. கைப்பேசியில் 300 ரூபாய் தரிசன டிக்கெட் தேடும் மூதாட்டியின் கண்ணுக்கு அந்தச் சிறு கோடு தெரியுமா?

இது அப்பட்டமான மோசடி, போலீஸ் பார்த்துக்கொள்ளும். சத்தமில்லாமல் நடக்கும் வியாபாரம் வேறு. கோயிலின் படங்களையும் தரிசன விவரங்களையும் வரி பிசகாமல் எடுத்துப் போட்டு, கீழே ஒரு பொத்தானை வைத்தால் போதும். அதை அழுத்துபவர் ஏதோ ஒரு விடுதி அல்லது பயண நிறுவனத்தின் தளத்துக்குப் போவார். முன்பதிவு நடந்தால் பக்கம் வைத்தவருக்குக் கமிஷன். திருட்டைச் சுட்டிக்காட்டினால், “அவர் எங்கள் ஆள் இல்லை, தனிப் பங்குதாரர்” என்று நிறுவனம் கைகழுவிவிடலாம். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வைத்திருப்பார்கள்.

சித்தூர் மாங்காய் மண்டியில் இந்தப் பேச்சு எடுபடாது. திருட்டுச் சரக்கு என்று தெரிந்த பிறகும், “வண்டி கொண்டுவந்தவனைக் கேள்” என்று சொல்லிவிட்டு மண்டிக்காரர் கமிஷனை மடியில் கட்டிக்கொள்ள முடியுமா?

சட்டமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. முதலாளிக்காகத் தொழில் நிமித்தம் முகவர் செய்யும் ஒப்பந்தங்களில், முகவரின் மோசடி முதலாளியே செய்ததற்குச் சமம் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 238-வது பிரிவு. இணைய இடைத்தரகர்களுக்குப் பாதுகாப்பு தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவும், குற்றத்துக்குத் துணைபோனவரையும் தூண்டியவரையும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துகிறது. ஒவ்வொரு முன்பதிவுக்கும் பணம் என்பதைவிடப் பெரிய தூண்டுதல் எது? கூகுளின் விளம்பரத் திட்ட வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம், அந்நிறுவனம் வெறும் பார்வையாளர் அல்ல, அத்திட்டத்தில் தீவிரமாகப் பங்கேற்பவர் என்று சொல்லிவிட்டது.

பங்குதாரர் யாரென்று தெரியாது என்ற சாக்கும் செல்லாது. கமிஷன் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. புகார் வந்த அன்றே அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். திருட்டு உறுதியானால், அந்தப் பக்கத்தால் வந்த லாபத்தை, திருடப்பட்ட படங்கள், விவரங்களின் உரிமையாளரிடமும், ஏமாந்து கட்டிய பணத்தைப் பக்தரிடமும் நிறுவனமே திருப்பித் தர வேண்டும். பங்குதாரரிடம் பிறகு வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. அதுவரை பக்தரைக் காத்திருக்கச் சொல்வது அநியாயம்.